நாழிகையும் மணியும்: காலக்கணக்கு விளக்கம்

தொண்டை நாட்டுத் திருத்தலங்களுள் தொன்மைச் சிறப்பு மிக்கது திருவொற்றியூர். மூவர் முதலிகளின் பாடல் பெற்றது. ஆதிபுரீசுவரரும் தியாகராசரும் வடிவுடையம்மனும் எழுந்தருளி அருள்பாலிக்கும் இவ்வூரின் கிழக்கே வங்கக் கடல். வடக்கே எண்ணூர்க் கழிமுகமும் பெருந்தொழிற்சாலைகளும். தெற்கே காசிமேட்டு மீன்பிடித் துறைமுகமும் இராயபுரமும் உள்ளன. கோயில் மணி, ஆலைச் சங்கு, கப்பலின் ஊதல் ஆகிய மூன்றும் ஒரே காற்றில் கலந்து ஒலிக்கும் ஊர் இது.

இங்கு வாழ்வோர் காலத்தை இருவகையாக அளக்கின்றனர். வேலைக்குச் செல்லும்போது மணியும் நிமிடமும் பார்க்கின்றனர். திருமணம், பெற்றோர் திதி, குழந்தைக்குச் சாதகம் என்று வரும்போது பஞ்சாங்கத்தைப் பிரிக்கின்றனர். அங்கே நாழிகையும் விநாழிகையும் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஓர் அளவையை மற்றோர் அளவைக்கு மாற்றத் தெரியாமையால், முறையாகச் செய்ய வேண்டிய கடமை நாள் தவறிப் போவதுண்டு. ஆதலின் அம்மாற்றுமுறை இங்கு எளிய எடுத்துக்காட்டுகளுடன் விளக்கப்படுகிறது.

அடிப்படை வாய்பாடு

ஒரு நாள் என்பது 24 மணி. ஒரு மணி 60 நிமிடம்; ஒரு நிமிடம் 60 நொடி. ஆகவே ஒரு மணிக்கு 3,600 நொடி; ஒரு நாளுக்கு 1,440 நிமிடம், அதாவது 86,400 நொடி.

தமிழர் வழக்கில் அதே நாள் 60 நாழிகையாகப் பகுக்கப்படும். ஒரு நாழிகை 60 விநாழிகை. ஆகவே ஒரு நாளுக்கு 3,600 விநாழிகை. ஒரு மணிக்குள் எத்தனை நொடி அடங்குமோ, அத்தனை விநாழிகை ஒரு நாளுக்குள் அடங்கும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்விரண்டையும் ஒப்பிட்டால் கிடைப்பவை:

1 நாழிகை = 24 நிமிடம்
1 விநாழிகை = 24 நொடி
2½ நாழிகை = 1 மணி (ஓர் ஓரை)
2½ விநாழிகை = 1 நிமிடம்
3¾ நாழிகை = 1½ மணி (தமிழ் வழக்கில் ஒரு முகூர்த்தம்)
7½ நாழிகை = 3 மணி (ஒரு சாமம்)

வடநூல் வழக்கில் முகூர்த்தம் என்பது 2 நாழிகை, அதாவது 48 நிமிடம். பெயர் ஒன்றாயினும் அளவு வேறு. எந்த நூல் எந்த வழக்கைக் கொண்டது என்று அறிந்த பின்னரே கணக்கிடுதல் வேண்டும்.

மற்றொன்றும் இங்கு அறியத்தக்கது. ‘விநாடி’ என்னும் சொல் இக்காலத்தில் செகண்டு என்னும் அளவைக் குறிக்கிறது. பழைய வடமொழிக் கணித நூல்களிலோ அது விநாழிகையையே, அதாவது 24 நொடியையே குறிக்கும். பழைய ஏட்டில் ‘விநாடி 10’ என்று கண்டவர் அதனைப் பத்து நொடி எனக் கொண்டால், உண்மையில் 4 நிமிடமான அளவைச் சுருக்கிவிடுவார். இம்மயக்கம் நேராதிருக்கவே இக்கட்டுரையில் செகண்டு என்பதற்கு ‘நொடி’ என்னும் சொல் ஆளப்படுகிறது. தொல்காப்பியர் எழுத்தின் மாத்திரைக்கு அளவு கூறும்போது கண்ணிமைப் பொழுதையும் கைந்நொடிப் பொழுதையும் எடுத்துக் காட்டினார். அங்ஙனம் நம் இலக்கணத்தில் ஊறிய சொல் நொடி.

எளிய விதி

நாழிகையை மணியாக்க வேண்டுமாயின் இரண்டால் பெருக்கி ஐந்தால் வகுத்தல் வேண்டும். மணியை நாழிகையாக்க ஐந்தால் பெருக்கி இரண்டால் வகுத்தல் வேண்டும். விநாழிகையை நிமிடமாக்குதற்கும், நிமிடத்தை விநாழிகையாக்குதற்கும் இதே விதி பொருந்தும். 10 நாழிகை எனில் 20 ÷ 5 = 4 மணி. 8 மணி எனில் 40 ÷ 2 = 20 நாழிகை. சில்லறை வரும் இடங்களில் 24 ஆல் பெருக்கி நிமிடமாக்கிக் கொள்ளுதல் எளிது.

பஞ்சாங்கத்து நாழிகை நள்ளிரவிலிருந்து எண்ணப்படுவதன்று. அன்றைய கதிரவன் உதயத்திலிருந்து எண்ணப்படுவது. ஆகவே மாற்றிய மணியை உதய நேரத்தோடு கூட்டினால்தான் கடிகார நேரம் கிடைக்கும். இவ்வொன்றை மறப்பதே பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம்.

தந்தையின் திதி

எடுத்துக்காட்டாக, எண்ணூர் ஆலை ஒன்றில் பணிபுரியும் ஒருவர் தம் தந்தைக்குத் திதி கொடுக்க விரும்புகிறார் என்க. பஞ்சாங்கத்தில் அத்திதி புதன்கிழமை நாழிகை 16-50க்குத் தொடங்கி, வியாழக்கிழமை நாழிகை 17-30 வரை இருப்பதாகக் காண்கிறது. ஆலையில் 24 மணிக் கடிகாரம் பார்த்துப் பழகிய அவர் 17-30 என்பதை மாலை 5.30 என்று கொள்கிறார். ‘வியாழக்கிழமை மாலை வரை திதி உள்ளது; அன்றே கொடுக்கலாம்’ என்று விடுப்பும் கேட்டுவிடுகிறார்.

உண்மைக் கணக்கு வேறு. 17 நாழிகை × 24 = 408 நிமிடம். 30 விநாழிகை × 24 = 720 நொடி, அதாவது 12 நிமிடம். இரண்டும் கூடி 420 நிமிடம். அதாவது 7 மணி. அன்றைய உதயம் 6.04 எனின், திதி முடிவது பிற்பகல் 1.04 மணிக்கே ஆகும்.

நீத்தார் கடனுக்குப் பொதுவாக அபராண்ண காலத்தில் உள்ள திதியே கொள்ளப்படும். பகற்பொழுதை ஐந்தாகப் பகுத்தால் அதில் நான்காம் பகுதி அபராண்ணம். பகல் 30 நாழிகை எனின் ஒரு பகுதி 6 நாழிகை, அதாவது 2 மணி 24 நிமிடம். முதல் மூன்று பகுதிகள் 18 நாழிகை. அது 7 மணி 12 நிமிடம். உதயம் 6.04 உடன் கூட்ட, அபராண்ணம் தொடங்குவது 1.16 மணி. திதியோ 1.04க்கே முடிந்துவிட்டது. வியாழக்கிழமை அபராண்ணத்தில் அடுத்த திதி வந்துவிடுகிறது.

புதன்கிழமையை நோக்குக. 16 நாழிகை 50 விநாழிகை என்பது 384 நிமிடமும் 20 நிமிடமும் கூடிய 404 நிமிடம். அதாவது 6 மணி 44 நிமிடம். அன்றும் உதயம் 6.04 எனக் கொண்டால் திதி தொடங்குவது பகல் 12.48. அபராண்ணம் முழுவதும் அத்திதியே நிற்கிறது. ஆகவே தந்தைக்குரிய நாள் புதன். பன்னிரண்டு நிமிட வேறுபாடு ஒரு நாளையே மாற்றிவிட்டது. ஆண்டிற்கு ஒருமுறை வரும் கடமை, கணக்கறியாமையால் தவறிப்போக விடலாகாது. ஐயம் உள்ளவர் கோயில் குருக்களையோ குடும்பப் புரோகிதரையோ கேட்டுத் தெளிதல் நன்று.

பிறந்த நேரம்

மருத்துவமனையில் குழந்தை பிறந்த நேரம் வெள்ளிக்கிழமை அதிகாலை 3.24 என்று எழுதப்பட்டிருக்கிறது எனக் கொள்க. ஆங்கில வழக்கில் நள்ளிரவு 12 மணிக்கே நாள் மாறிவிடும். பஞ்சாங்க வழக்கில் உதயம் வரையில் முந்தைய நாளே தொடரும். ஆகவே அக்குழந்தை வியாழக்கிழமை இரவிற் பிறந்ததாகவே கொள்ளப்படும்.

வியாழன் உதயம் 6.04. அதிலிருந்து வெள்ளி அதிகாலை 3.24 வரை 21 மணி 20 நிமிடம். அதாவது 1,280 நிமிடம். 24 ஆல் வகுக்க ஈவு 53. மீதி 8 நிமிடம். 8 நிமிடம் என்பது 480 நொடி. அதனை 24 ஆல் வகுக்க 20. எனவே உதயாதி நாழிகை 53-20. இதனை வெள்ளிக்கிழமைக்கு உரியதாகக் கொண்டு நட்சத்திரம் பார்த்தால் குழந்தையின் நட்சத்திரமே மாறிவிடக்கூடும். பெயர் சூட்டுவதிலிருந்து திருமணப் பொருத்தம் வரை அப்பிழை பின்தொடரும்.

அறுபதில் கடன் வாங்குதல்

நேரத்தை 6.12 என்று புள்ளியிட்டு எழுதும் வழக்கம் உள்ளது. இப்புள்ளி பதின்மப் புள்ளி அன்று. பள்ளி மாணவர்கள் மட்டுமன்றிப் பெரியோரும் இதில் தடுமாறுவதுண்டு.

பிரதோட காலம் கதிரவன் மறைவிற்கு 3¾ நாழிகை முன்னர்த் தொடங்கும் என்பது வழக்கு. 3¾ நாழிகை என்பது 90 நிமிடம், 1 மணி 30 நிமிடம். மறைவு மாலை 6.12 எனின், தொடக்கம் எப்போது? 6.12இலிருந்து 1.30ஐச் சாதாரண எண்களைப் போலக் கழித்தால் 4.82 என வரும். அப்படி ஒரு நேரம் இல்லை. இங்கே கடன் வாங்கும்போது நூறன்று, அறுபதே வாங்கப்படும். 6 மணி 12 நிமிடத்தை 5 மணி 72 நிமிடம் என எழுதி, 1 மணி 30 நிமிடத்தைக் கழிக்க 4 மணி 42 நிமிடம் கிடைக்கும். கூட்டும்போதும் அவ்வாறே. 5 மணி 40 நிமிடத்தோடு 35 நிமிடம் கூடினால் 5.75 அன்று, 75 நிமிடத்தில் அறுபது போக 6 மணி 15 நிமிடம்.

இராகு காலமும் இவ்வகைக் கணக்கே. பகற்பொழுதை எட்டாகப் பகுத்து, வெள்ளிக்கிழமைக்கு நான்காம் பகுதி இராகு காலம் என்பர். உதயம் 6, மறைவு 6 எனக் கொண்டே நாட்காட்டிகளில் 10.30 முதல் 12 வரை என அச்சிடுகின்றனர். கோடையில் ஒரு நாள் உதயம் 5.44, மறைவு 6.36 எனின் பகல் 12 மணி 52 நிமிடம், அதாவது 772 நிமிடம். எட்டால் வகுக்க 96½. ஒரு பகுதி 1 மணி 36 நிமிடம் 30 நொடி. மூன்று பகுதிகள் 4 மணி 49 நிமிடம் 30 நொடி. அதனை உதயத்தோடு கூட்ட, அன்றைய இராகு காலம் 10 மணி 33 நிமிடம் 30 நொடிக்குத் தொடங்கி 12 மணி 10 நிமிடத்தில் முடியும்.

ஆலைச் சங்கும் சிறுபொழுதும்

பழந்தமிழ் இலக்கண மரபில் ஒரு நாள் ஆறு சிறுபொழுதாகப் பகுக்கப்படும். வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்பன அவை. ஒவ்வொன்றும் 10 நாழிகை, அதாவது 4 மணி. காலை 6 முதல் 10 வரை. நண்பகல் 10 முதல் 2 வரை. எற்பாடு 2 முதல் 6 வரை. மாலை 6 முதல் 10 வரை. யாமம் 10 முதல் 2 வரை. வைகறை 2 முதல் 6 வரை. எல் என்பது கதிரவன். பாடு என்பது சாய்தல். கதிரவன் சாயும் எற்பாடு நெய்தல் நிலத்திற்கு உரிய பொழுது. ஒற்றியூரும் எண்ணூரும் காசிமேடும் நெய்தல் நிலங்களே.

இப்பகுதித் தொழிலாளர் ‘ஷிப்டு’ என்று வழங்கும் முறைப்பணி பொதுவாகக் காலை 6, பிற்பகல் 2, இரவு 10 ஆகிய மணிகளில் மாறும். ஒவ்வொரு முறையும் 8 மணி, 20 நாழிகை. முதன்முறை காலையும் நண்பகலும். இரண்டாம் முறை எற்பாடும் மாலையும். மூன்றாம் முறை யாமமும் வைகறையும் ஆக அமைதல் காண்க. ஒவ்வொரு முறையிலும் சரியாக இரண்டு சிறுபொழுது அடங்குகின்றன. ஆலையை நிறுவியோர் சிறுபொழுதை எண்ணி இவ்வாறு வகுத்தாரல்லர். எனினும் பிற்பகல் இரண்டு மணிக்குப் பணிக்குள் நுழைபவர் எற்பாட்டின் வாயிலிலே நுழைகிறார்.

கடலுக்குச் செல்வோர்க்கும் நாழிகைக் கணக்கு உதவும். நிலவு நாள்தோறும் சராசரியாக ஏறத்தாழ 50 நிமிடம் தாமதித்து எழும். பழையோர் இதனை 2 நாழிகை, 48 நிமிடம், என எளிதாக்கிக் கொண்டனர். பௌர்ணமியன்று கதிரவன் மறையும் வேளையில் நிலவு எழும். அதன்பின் ஐந்தாம் நாள் 10 நாழிகை, அதாவது ஏறத்தாழ 4 மணி கழிந்து எழும். ஓதம் ஏறி இறங்கும் நேரமும் நிலவைத் தொடர்ந்தே நாள்தோறும் தள்ளிச் செல்லும்.

ஒற்றியூர் நண்பகல்

கதிரவன் உச்சிக்கு வருவதே நண்பகல். கடிகாரம் 12 காட்டும்போதெல்லாம் கதிரவன் ஒற்றியூரின் உச்சியில் நிற்பதில்லை. இதற்குக் காரணம் உண்டு.

முன்னாளில் ஒவ்வோர் ஊரும் தன் நண்பகலையே 12 எனக் கொண்டது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த வானாய்வகம் சென்னை நேரத்தை வரையறுத்தது. 1856 சூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை தென்னகத்தின் முதற் புகைவண்டி ஓடியது. வண்டி ஊர்விட்டு ஊர் செல்லத் தொடங்கியதும் ஊருக்கொரு நேரம் இடராயிற்று. பின்னர் நாட்டின் பல பகுதிகளில் புகைவண்டிகள் சென்னை நேரத்தைக் கொண்டே ஓடின. 1906 சனவரி 1 முதல் 82½ பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது.

நிலவுலகம் 24 மணியில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே 1 பாகைக்கு 4 நிமிடம். பாகையின் அறுபதில் ஒரு பங்கான 1 கலைக்கு 4 நொடி. திருவொற்றியூர் ஏறத்தாழ 80 பாகை 18 கலையில் உள்ளது. 82 பாகை 30 கலையிலிருந்து கழிக்க 2 பாகை 12 கலை. இரண்டு பாகைக்கு 8 நிமிடம்; பன்னிரண்டு கலைக்கு 48 நொடி. ஆக 8 நிமிடம் 48 நொடி, அதாவது 528 நொடி. இதனை 24 ஆல் வகுக்கச் சரியாக 22 விநாழிகை. ஆகவே ஆண்டுச் சராசரியில், கடிகாரம் 12 காட்டி 22 விநாழிகை கழிந்த பின்னரே ஒற்றியூரில் கதிரவன் உச்சி அடைகிறான். மாதத்திற்கேற்ப இது சில நிமிடம் முன்பின் ஆகும். கோயம்புத்தூர் ஏறத்தாழ 77 பாகையில் இருத்தலின் அங்கு நண்பகல் மேலும் 13 நிமிடம் 12 நொடி, அதாவது 33 விநாழிகை, பிந்தி வரும். ஓர் ஊருக்குக் கணித்த பஞ்சாங்கத்தின் உதய நேரத்தை மற்றோர் ஊருக்கு அப்படியே கொள்ளலாகாது என்பது இதனால் விளங்கும்.

மூச்சும் காலமும்

மனிதன் ஒரு நாளில் 21,600 முறை மூச்சு விடுகிறான் என்பது யோக நூல்களின் கணக்கு. 86,400 நொடியை 21,600 ஆல் வகுத்தால் ஒரு மூச்சுக்கு 4 நொடி. நிமிடத்திற்கு 15 மூச்சு. ஓய்ந்திருக்கும் வளர்ந்தவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை மூச்சு விடுவர் என்று இக்கால மருத்துவமும் கூறுகிறது. ஒரு விநாழிகைக்கு 6 மூச்சு. ஒரு நாழிகைக்கு 360 மூச்சு. வட்டத்திற்கு 360 பாகை, அதாவது 21,600 கலை. ஆகவே ஒரு மூச்சு உள்சென்று வெளிவரும் பொழுதில் நிலவுலகம் ஒரு கலை சுழல்கிறது.

முற்காலத்தில் காலம் அளந்தோர் நீர்க்கடிகையைக் கையாண்டனர். மன்னனின் பாசறையில் நீரைக் கொண்டு பொழுதளந்து அறிவிக்கும் நாழிகைக் கணக்கரைப் பத்துப்பாட்டுள் ஒன்றான முல்லைப்பாட்டு காட்டுகிறது. கருவி சிறிதாயினும் அவர்தம் கணக்கு பொய்யாததாக இருத்தல் வேண்டும் என்பதே அக்கால எதிர்பார்ப்பு.

பத்து நொடியின் அருமை

பௌர்ணமி நாளில், சிறப்பாக அது வெள்ளிக்கிழமையில் அமையும்போது, மூன்று அம்மன்களை ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கம் இப்பகுதியில் உண்டு. காலையில் மேலூர்த் திருவுடையம்மன், உச்சிப்பொழுதில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன். இச்சா சக்தி, ஞான சக்தி, கிரியா சக்தி என முறையே இவர்களைப் போற்றுவர்.

மேலூரிலிருந்து 9.50க்குப் புறப்பட்ட ஒரு குடும்பத்தார் 1 மணி 25 நிமிடம் பயணம் செய்து ஒற்றியூரை அடைகின்றனர் என்க. 9 மணி 50 நிமிடத்தோடு 1 மணி 25 நிமிடம் கூட்ட 10 மணி 75 நிமிடம், அதாவது 11.15. அவர்களுக்கு முன்னே வரிசையில் 180 பேர் நிற்கின்றனர். அன்று நடை சாத்தும் நேரம் 12.30 எனக் கொண்டால் எஞ்சியிருப்பது 75 நிமிடம், 4,500 நொடி.

சந்நிதியில் ஒருவர் 20 நொடி நிற்கிறார் எனின், 180 பேருக்கு 3,600 நொடி, சரியாக ஒரு மணி. அக்குடும்பம் 12.15க்குச் சந்நிதியை அடையும். அன்னையைக் கண்குளிரக் கண்டு வணங்கலாம். ஒவ்வொருவரும் 30 நொடி நின்றால்? 4,500 நொடியை 30 ஆல் வகுக்க 150. நடை சாத்தும் வேளையில் 150 பேரே தரிசனம் பெற்றிருப்பர். எஞ்சிய 30 பேரும், அவர்களுக்குப் பின்னே குழந்தையோடும் முதியோரோடும் நிற்கும் அக்குடும்பத்தாரும் சாத்திய கதவைக் கண்டு திரும்ப வேண்டியவர்களே.

ஒருவர் கூடுதலாக எடுத்துக்கொள்வது பத்து நொடியே. அது இரண்டரை மூச்சு. அரை விநாழிகைக்கும் குறைவு. தமக்கு அது சிறிதாகத் தோன்றும். வரிசையின் கடைசியில் நிற்பவருக்கோ அச்சிறு நொடிகள் எல்லாம் திரண்டு முப்பது நிமிடமாக வந்து சேர்கின்றன. ஒற்றியூரில் வாழ்ந்த கலிய நாயனார் வறுமையுற்ற காலத்தும் தம் திருவிளக்குத் தொண்டை விடாது செய்தார். விளக்கேற்ற இயலாதவரும், பொருள் வழங்க இயலாதவரும் பின்னே நிற்பவருக்குப் பத்து நொடி வழங்க இயலும். அதுவும் திருத்தொண்டே ஆகும்.

காலத்தைக் கணக்கிட அறிந்தவர் தம் கடமைக்குரிய நாளைத் தவறவிடார். பிறர்க்குரிய நொடியையும் கவர்ந்து கொள்ளார். இவ்விரு நலமும் இறையன்பர் அனைவர்க்கும் வாய்க்க வடிவுடையம்மன் உடனுறை ஒற்றியூர்ப் பெருமான் திருவருள் துணை நிற்பதாக.